புலி வருது... வைரஸ் வருது!

காலையில் பல் தேய்ச்சாச்சா? நல்லது. இப்ப போய் அந்த பிரஷ்ஷைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்க. நீங்க தூங்கின பிறகு அது ராத்திரியெல்லாம் யாருக்கோ வேலை பார்க்குதாம்!

சிரிக்காதீங்க பாஸ். 2024 பிப்ரவரி முதல் வாரத்தில் உலகம் பூரா டெக் பத்திரிகைகள் இதைத்தான் சீரியஸா எழுதின. '30 லட்சம் ஸ்மார்ட் டூத்பிரஷ்களுக்குள் மால்வேர் புகுந்துவிட்டது. ஹேக்கர்கள் அத்தனை பிரஷ்ஷையும் ஒரே நேரத்தில் ஏவிவிட்டு, சுவிட்சர்லாந்தில் ஒரு கம்பெனியின் வெப்சைட்டையே சாய்த்துவிட்டார்கள். மணிக்கணக்கில் முடக்கம், மில்லியன் கணக்கில் நஷ்டம்.' படிச்சதும் பகீர்னு இருக்கா? தலைப்பு வெச்சவங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

மேட்டர் எங்கே ஆரம்பிச்சது தெரியுமா? சுவிட்சர்லாந்தில் ஆர்காவர் சைட்டுங் என்று ஒரு ஜெர்மன் மொழிப் பத்திரிகை. ஃபோர்டிநெட் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு கம்பெனிக்காரர்களிடம் பேசி, ஜனவரி கடைசியில் ஒரு கட்டுரை போட்டார்கள். அதில் வந்த ஒரு உதாரணம்தான் இந்த டூத்பிரஷ் படை. ஒரு இங்கிலீஷ் சைட் அதை எடுத்துப் போட, அதைப் பார்த்து இன்னொண்ணு, அதைப் பார்த்து இன்னொண்ணு... அப்படியே ஈயடிச்சான் காப்பி. எக்ஸாம் ஹாலில் முதல் பெஞ்ச் பையன் எழுதின தப்பு கடைசி பெஞ்ச் வரைக்கும் கைமாறிப் போகுமே, அதே கதை!

ஒருத்தராவது கேட்டாங்களா, எந்தக் கம்பெனி வெப்சைட் படுத்ததுன்னு? பேர் இல்லை. எந்த பிராண்ட் பிரஷ்? அதுவும் இல்லை. என்னிக்கு நடந்தது? ஊஹூம். இதையெல்லாம் விடுங்க. இந்த ரக பிரஷ்கள் பெரும்பாலும் ப்ளூடூத் வழியா உங்க போனோடு மட்டும்தான் பேசும். நேரா இன்டர்நெட்டுக்குப் போகிற வழியே அதுக்குக் கிடையாது. பாத்ரூமில் இருந்து ஹாலுக்கு சிக்னல் வரவே திணறுகிற ஜந்து, சுவிட்சர்லாந்து வரைக்கும் போய் சண்டை போட்டுச்சாம்! பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிக் கிண்டலடிக்க ஆரம்பிச்ச பிறகுதான் கதை கந்தலானது. 'அது தாக்குதல் இப்படி நடக்கும்னு விளக்கச் சொன்ன உதாரணம்தான். மொழிபெயர்ப்பில் கற்பனையும் நிஜமும் கலந்துபோச்சு' என்று அறிக்கை விட்டது ஃபோர்டிநெட். பத்திரிகைக்காரர்கள் விடவில்லை. 'எங்ககிட்ட உண்மைச் சம்பவம்னுதான் சொன்னாங்க. அச்சுக்குப் போகும் முன்னாடி படிக்கவும் கொடுத்தோம், யாரும் மறுக்கலை' என்றார்கள்.

யார் சொல்றது சரின்னு பஞ்சாயத்து பண்றது நம்ம வேலை இல்லை. 30 லட்சம் பிரஷ்ஷில் ஒரே ஒரு பிரஷ்ஷைக்கூட யாரும் கண்ணால் பார்க்கலை என்பதை மட்டும் மனசில் வெச்சுக்கங்க.

இந்த வியாதி நேத்து வந்ததும் இல்லை. 1992-க்குப் போவோம். உங்களில் பலர் பிறக்கவே இல்லை. அப்போது மைக்கேலேஞ்சலோ என்று ஒரு வைரஸ். ஃபிளாப்பி டிஸ்க் வழியா பரவி, அந்த ஓவியரின் பிறந்த நாளான மார்ச் 6 அன்று கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அழிக்கும். வைரஸ் நிஜம், சந்தேகமே இல்லை. ஆனால் எண்ணிக்கை? 50 லட்சம் கம்ப்யூட்டர்கள் வரை காலியாகும் என்று பேப்பரிலும் டி.வி.யிலும் ஒரே பீதி. அந்த எண்ணைச் சொன்ன நிபுணர் ஜான் மெக்காஃபி. ஆமா, அதே மெக்காஃபிதான், ஆன்டிவைரஸ் கம்பெனி ஓனர்! மார்ச் 6 வந்தது, போனது. பாதிக்கப்பட்டவை சுமார் பத்தாயிரம், இருபதாயிரம் என்றார்கள். ஆன்டிவைரஸ் விற்பனை மட்டும் எகிறியது.

மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டு 'ஊரில் காய்ச்சல் எப்படிண்ணே?' என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை. நிஜமான வைரஸ்களைப் பாதி நேரம் முதலில் கண்டுபிடித்துச் சொல்வதும் இந்தக் கம்பெனி ஆட்கள்தான். அவங்க இல்லைன்னா நமக்கு ஒண்ணும் தெரியாது. ஆனால் எழுதறவர் அவரோடு நிறுத்திக்காமல், கடையில்லாத ஒரு டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணுமா இல்லையா?

சரி, தமிழில் இந்தச் செய்திகளைப் படிக்கும்போது ஒரு சின்ன விஷயத்தைக் கவனிங்க. 'லாம்' என்கிற அந்த இரண்டு எழுத்து. ஆராய்ச்சிக்காரர் அறிக்கையில் 'பாஸ்வேர்டைத் திருடலாம்' என்று இருக்கும். செய்தியில் 'திருடும்' ஆகும். தலைப்புக்கு வரும்போது 'திருட்டு!' ஆகிவிடும். 'லாம்' மட்டும் நடுவழியில் இறங்கிப் போயிருக்கும்.

2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்று ஒரு பரபரப்பு. ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஓட்டை. உங்க நம்பர் தெரிந்தால் போதும், ஒரே ஒரு எம்.எம்.எஸ். அனுப்பி போனைக் கைப்பற்றலாம். 95 கோடி போன்களுக்கு ஆபத்து என்று எங்கும் பேச்சு. ஓட்டை நிஜம்தான், மோசமான ஓட்டைதான். ஆனால் அந்த 95 கோடி எதன் கணக்கு? ஓட்டை இருந்த போன்களின் கணக்கு. தெருவில் எத்தனை வீட்டுக்குப் பூட்டு சரியில்லை என்பது ஒரு கணக்கு, எத்தனை வீட்டில் திருட்டுப் போச்சு என்பது வேற கணக்கு இல்லையா? 2017-ல் கூகுளின் ஆண்ட்ராய்டு பாதுகாப்புத் தலைவர் இதைப் பற்றிப் பேசினார். அந்த ஓட்டை வழியா தாக்கப்பட்டதாக உறுதியான ஒரு கேஸ்கூட வரலைன்னார். அதுக்காக அந்தச் சத்தம் முழுக்க வீண்னும் சொல்ல மாட்டேன். அந்தக் களேபரத்துக்குப் பிறகுதான், 2015 ஆகஸ்டில், மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் தருவதாக கூகுள் அறிவித்தது.

பீதி கிளப்பினா என்ன, ஜாக்கிரதையா இருப்பாங்கதானே என்று கேட்கிறீங்களா? அங்கேதான் சிக்கல். கான்ஃபிக்கர் கதையைக் கேளுங்க. 2008 கடைசியில் கிளம்பிய புழு. நிஜமாகவே லட்சக்கணக்கான விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் புகுந்தது. 2009 ஏப்ரல் 1-லிருந்து அது தன் முதலாளியிடம் உத்தரவு கேட்கிற முறையை மாற்றிக்கொள்ளும் என்று அதன் கோடைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவங்க சொன்னது அவ்வளவுதான். அது வெளியே வரும்போது 'ஏப்ரல் 1-ல் இன்டர்நெட் அவுட்' ரேஞ்சுக்குப் போய்விட்டது. மூன்று நாள் முன்னாடி அமெரிக்க டி.வி.யின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியில்கூட இந்தப் புழுதான் ஹீரோ. ஏப்ரல் 1 வந்தது. ஒண்ணும் நடக்கலை. 'ஏப்ரல் ஃபூல்' என்று ஜோக் அடித்துவிட்டு கேமராக்கள் கிளம்பிவிட்டன.

ஒரு வாரம் கழித்துத்தான் புழு வேலையைக் காட்டியது. தன்னிடம் சிக்கிய கம்ப்யூட்டர்களில் ஒரு போலி ஆன்டிவைரஸை இறக்கியது. பேர் ஸ்பைவேர் ப்ரொடெக்ட் 2009. 'உங்க கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கு, சுத்தம் பண்ண சுமார் 50 டாலர் கட்டுங்க' என்று ஸ்கிரீனில் பெட்டி வரும். இதைவிட கில்லாடித்தனம் உண்டா? வைரஸே வந்து வைரஸ் பயத்தைக் காட்டிக் காசு கேட்கிறது! ஒரு மாசமா டி.வி. பார்த்து டரியல் ஆகியிருந்தவன் என்ன பண்ணுவான்? கிரெடிட் கார்டை எடுப்பான். இன்னிக்கு உங்க போனில் 'எச்சரிக்கை! 13 வைரஸ்கள்!' என்று சிவப்பா குதிக்கிற விளம்பரம் இருக்கே, அதுவும் அந்த வம்சம்தான். பக்கத்து அறைப் பையன் அதை நம்பி ஏதோ ஒரு 'கிளீனர்' ஆப்பை இறக்குகிறான் என்றால், அவனைப் பயப்படப் பழக்கியதில் இந்தத் தலைப்புகளுக்கும் பங்கு உண்டு.

அப்ப எல்லாமே உடான்ஸா? அப்படி நினைச்சு அசந்துட்டாலும் ஆபத்து. 2017 மே 12, வெள்ளிக்கிழமை, வன்னாக்ரை வந்தது. நிஜப் புலி. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினில் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் டாக்டரைப் பார்க்க வேண்டிய சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டார்கள். இதில் மிகைப்படுத்த ஒண்ணும் இல்லை. ஆனாலும் அவசரத்தில் எழுதினவை எப்படி இருந்தன பாருங்க. இ-மெயில் அட்டாச்மென்ட் வழியா வருது, தெரியாத மெயிலைத் திறக்காதீங்க என்று எங்கு பார்த்தாலும் அறிவுரை. அது மெயிலில் வரவே இல்லை. விண்டோஸில் ஃபைல்களைப் பகிர்கிற வசதியில் இருந்த ஓட்டை வழியா, யாரும் எதையும் க்ளிக் பண்ணாமலேயே கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது. பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.தான் வில்லன் என்று இன்னொரு பக்கம். பாதிக்கப்பட்டவற்றில் சுமார் 98 சதவீதம் விண்டோஸ் 7 என்று ஒரு வாரத்தில் காஸ்பர்ஸ்கை கணக்குக் கொடுத்தது.

எனக்கு இதில் நெஞ்சு பொறுக்காத விஷயம் வேற. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாசம் முன்னாடி! படிச்சு, அப்டேட் போட்டு, ரீஸ்டார்ட் செய்திருந்தால் விஷயம் முடிஞ்சது. ஆனால் அந்தச் செய்தியில் மண்டை ஓடு படம் போட முடியாது. 'உங்கள் கம்ப்யூட்டரை உடனே ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்று தலைப்பு வைத்தால் யார் படிப்பாங்க? டூத்பிரஷ்ஷுக்குக் கிடைக்கிற இடம் அதுக்குக் கிடைக்காது. பிரஷ் மாதிரி பத்துக் கதையைப் படிச்சு 'அட போங்கப்பா' என்று சலிச்சுப்போனவன், பதினொண்ணாவதா வருகிற நிஜ எச்சரிக்கையையும் அதே கணக்கில் தள்ளிவிடுகிறான்.

அதனால் அடுத்த தடவை கிளாஸ் குரூப்பில் 'அவசரம்! எல்லாருக்கும் ஃபார்வர்டு பண்ணுங்க!' என்று வந்தால், அனுப்பினவனை ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 'மச்சி, இது உள்ளே எப்படிடா வருது?' பதில் இருந்தா என்ன செய்யணும்னு அதிலேயே இருக்கும். 'தெரியலைடா, ஆனா ரொம்ப டேஞ்சராம்' என்றால் டீ குடிக்கப் போங்க.

உங்க காலேஜில் இப்ப சுத்திக்கிட்டிருக்கிற பயங்கரமான வைரஸ் ஃபார்வர்டு எது? நமக்கு எழுதி அனுப்புங்க, ஒவ்வொண்ணா பிரிச்சு மேயலாம். ஆனா ஒண்ணு... லிங்க்கை வெட்டிட்டு அனுப்புங்க மக்களே!