'எஸ்ஏ' எல்லோருக்கும் பொதுவா?

"டேட்டாபேஸ் சர்வர் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்தானே இருக்கிறது? ஆளுக்கொரு லாகின் எதற்கு? எல்லோரும் முழு அதிகாரம் கொண்ட 'எஸ்ஏ' லாகினிலேயே நுழையட்டும்." எஸ்க்யூஎல் சர்வர் ஓடும் இடங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு வாதமாகக்கூட இது தேறாது.

முதலில், 'உள்ளே இருக்கிறது' என்ற தைரியம். 2017-ல் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் புகுந்தவர்கள் நேராக டேட்டாபேஸுக்குப் போகவில்லை. வாடிக்கையாளர்கள் ஆட்சேபம் பதிவு செய்யும் இணையதளத்தில், அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் அடைக்காமல் விட்ட ஓட்டை வழியாக வந்தார்கள். உள்ளே ஒரு ஃபைலில் யூசர்நேம்களும் பாஸ்வேர்டுகளும் அப்படியே எழுதிக் கிடந்தன. அந்த இணையதளத்துக்கு உரியவை 3 டேட்டாபேஸ்கள். கிடைத்த லாகின்களோ, அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னும் 48 டேட்டாபேஸ்களைத் திறந்துவிட்டன. சுமார் 9,000 குவெரிகள் ஓடின. 76 நாள் யாரும் கவனிக்கவில்லை. 14 கோடிக்கும் அதிகமானோரின் விவரங்கள் பறிபோயின. ஒரு இணையதளத்தின் ஓட்டை அந்த 3 டேட்டாபேஸ்களோடு நின்றிருக்க வேண்டியது. அது நிற்காமல் போனதற்கு, லாகினுக்கு எல்லை வகுக்காததும் ஒரு காரணம்.

'போர்ட் எண்ணை மாற்றிவிட்டோமே' என்பார்கள். வழக்கமான 1433-ஐ மாற்றினால் சோம்பேறி ஸ்கேனர்கள் விலகும், அவ்வளவுதான்.

அடுத்தது, தனித்தனி லாகின் கொடுத்தால் கனெக்ஷன் தகராறு பெருகும் என்ற பயம். இது உண்மையான சிரமத்திலிருந்து வருகிறது, மறுக்கவில்லை. திரையில் 'லாகின் ஃபெயில்டு', பிழை எண் 18456, ஸ்டேட் 1 என்று மட்டும் வந்தால் யாருக்கும் எரிச்சல் வரும். தாக்க வருபவனுக்குத் துப்பு கிடைக்கக் கூடாது என்றுதான் காரணத்தை அங்கே காட்டுவதில்லை. சர்வரின் எரர் லாக்கைத் திறந்து பாருங்கள், அதே பிழை வேறு ஸ்டேட் எண்ணோடு இருக்கும். 5 என்றால் அந்தப் பெயரில் லாகினே இல்லை. 8 என்றால் பாஸ்வேர்டு தவறு. 38 என்றால் கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை: பெயர் தவறாக இருக்கலாம், அல்லது சர்வரில் லாகின் உருவாக்கியவர் டேட்டாபேஸுக்குள் அதற்கான யூசரை உருவாக்க மறந்திருக்கலாம். 58 என்றால், விண்டோஸ் லாகினை மட்டும் ஏற்கும் சர்வரில் எஸ்க்யூஎல் லாகினோடு நுழையப் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு தெளிவாகக் காரணம் கிடைக்கும்போது, இதற்குப் பயந்து எல்லோர் கையிலும் முழு அதிகாரத்தைக் கொடுப்பது நியாயமே இல்லை.

'நம் ஆட்கள் மேல் நம்பிக்கை இல்லையா?' என்ற கேள்விதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 'வேர்' (WHERE) நிபந்தனை போடாமல் யாரோ ஒருவர் டிலீட் ஓட்டிவிட்டார் என்று வையுங்கள். பதிவில் 'எஸ்ஏ' என்றுதான் இருக்கும். அன்று பணியில் இருந்த அத்தனை பேர் மீதும் சந்தேகம் விழும். தன் பெயரில் லாகின் இருக்கும் ஊழியருக்கு அதுவே சாட்சி. ஆட்களை மதிக்கும் நிறுவனம் அந்தப் பாதுகாப்பைத் தர வேண்டும்.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எஸ்ஏவை எடுத்த எடுப்பில் முடக்காதீர்கள். எந்தெந்தப் புரோகிராம்கள் அதில் நுழைகின்றன என்பதை சிஸ்.டிஎம்_எக்ஸெக்_செஷன்ஸில் சில நாள் கவனியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி லாகின் கொடுங்கள். ரிப்போர்ட் மட்டும் எடுப்பவருக்கு டிபி_டேட்டாரீடர் போதும். நிர்வாகிகளுக்கு அவரவர் பெயரில் லாகின் தந்து, அது வேலை செய்வதைச் சோதித்த பிறகு எஸ்ஏவை முடக்குங்கள்.