குருதிச் சிக்கனம்

1809 டிசம்பரில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து டான்வில் என்னும் சிற்றூருக்கு, ஏறத்தாழ 60 மைல் குதிரையில் பயணம் செய்து வந்தார் ஜேன் டாட் க்ராஃபோர்ட். அவர் வயிற்றைத் திறந்து, சுமார் 10 கிலோ எடையுள்ள சூலகக் கட்டியை அகற்றினார் மருத்துவர் எஃப்ராயிம் மெக்டொவல். அன்று மயக்க மருந்தும் இல்லை. ஏற்றுவதற்குக் குருதியும் இல்லை. ஒருவரின் குருதியை மற்றொருவருக்குச் செலுத்தும் முயற்சியை இலண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் தொடங்கியதே 1818-இல்தான். அந்த அம்மையாரோ மேலும் 32 ஆண்டுகள் வாழ்ந்தார்.

அதனை நல்லூழ் எனலாம். அக்காலத்தில் வயிற்று அறுவையில் மாண்டவர் பலர். ஆனால், இன்று குருதி ஏற்றாமல் பெரிய வயிற்று அறுவை செய்வது ஊழைச் சார்ந்ததன்று, திட்டத்தைச் சார்ந்தது. சமய நம்பிக்கையால் குருதியை மறுத்த யெகோவாவின் சாட்சிகளுக்காக மருத்துவர்கள் பழகிய சிக்கனம், பிறருக்கும் பயன் தரும் மருத்துவமாக வளர்ந்திருக்கிறது. முன்னதாகவே இரத்தசோகையைத் தீர்த்தல், நாளங்களை உடனுக்குடன் அடைத்தல், டிரானெக்சாமிக் அமிலத்தால் கசிவைக் குறைத்தல், சிந்திய குருதியைத் தூய்மை செய்து அவருக்கே திருப்புதல் ஆகியன அதன் படிகள்.

ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்கினால் குருதி ஏற்றியாக வேண்டும் என்பது நெடுங்கால மரபு. தீவிர சிகிச்சையில் இருந்த 838 நோயாளிகளிடம் கனடாவில் நடத்தி 1999-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, 7 வரை பொறுத்திருந்தாலும் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை என்று காட்டி அம்மரபை அசைத்தது.

என் தாயாருக்குக் கருப்பையை அகற்ற நாள் குறித்தபோது ஹீமோகுளோபின் 8. "இரண்டு யூனிட் ஏற்பாடு செய்யுங்கள்" என்றது ஒரு மருத்துவமனை. உறவினர் நால்வர் அலைந்தோம். வேறொரு மருத்துவரோ, அவசரமில்லை என்று ஆராய்ந்து தெளிந்தபின், ஆறு வாரம் அறுவையைத் தள்ளி வைத்து, நரம்பு வழியே இரும்புச்சத்து செலுத்தினார். அறுவை முடிந்தது, ஒரு துளியும் ஏற்ற நேரவில்லை.

குருதிக் கொடையை நான் குறைத்துப் பேசவில்லை. விபத்திலும் பேற்றுக்காலப் பெருக்கிலும் குருதியே உயிர். அதனாலேயே, தவிர்க்கக்கூடிய இடத்தில் அதைச் செலவிடலாகாது என்கிறேன். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுற்றவர்கள். திட்டமிட்ட அறுவைக்கு முன் நாம் கேட்க வேண்டிய முதல் வினா, "குருதி கிடைத்ததா?" என்பதன்று, "சோகை தீர்ந்ததா?" என்பதே.