அந்தக் குழந்தைக்கு மட்டும் தனித் தட்டா?

பிறந்தநாள் விழா என்றதும் நமக்கு என்னவெல்லாம் ஞாபகம் வருகிறது? கேக், பலூன், சாக்லேட், தட்டு நிறைய சமோசாவும் சிப்ஸும்! ‘வர்ற குழந்தைகள்ல யாருக்காவது ஏதாவது சாப்பாடு ஒத்துக்காதா?’ என்ற கேள்வி மட்டும் கடைசிவரை வருவதில்லை. ஒரு தாய் தானாகவே வாய் திறந்து, ‘என் பையனுக்கு வேர்க்கடலை ஆகாதுங்க’ என்று சொன்னாலோ, ‘ரொம்பத்தான் அலட்டிக்கிறா’ என்று ஒரு பேச்சு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எங்கள் சித்த மருத்துவத்தில் ‘கரப்பான் பண்டம்’ என்று சொல்வோம். கத்தரிக்காய், கருவாடு மாதிரி, தோல் நோய்க்காரர்கள் பத்தியமாக ஒதுக்க வேண்டியவை. பத்தியத்தை ஒருநாள் மீறினால் அரிப்பு கூடும். இன்னொரு பக்கம், பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிற குழந்தைகள். பாலிலுள்ள சர்க்கரை செரிக்காத கோளாறு அது. நான் சொல்ல வந்தது இந்த இரண்டையும் பற்றி அல்ல. உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஒரு உணவை எதிரியாக நினைத்துப் பாய்கிற ஒவ்வாமை பற்றி! சில குழந்தைகளுக்கு ஒரு துணுக்கு முந்திரி போதும். உதடு வீங்கி, தொண்டை அடைத்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். ‘ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது’ என்று பாட்டிமார்கள் பாசத்தோடு ஊட்டுகிறார்களே... அங்கேதான் வினை.

சரி, தெரிந்தபிறகு என்ன செய்கிறோம்? அந்தக் குழந்தைக்கு மட்டும் ஓரமாக ஒரு டப்பாவில் வேறு சாப்பாடு. மற்ற முப்பது குழந்தைகளும் கேக் தின்னும்போது அது மட்டும் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருக்கும். ஐந்து வயசுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை! ஆபத்தும் இதில் குறையவில்லை. பக்கத்துக் குழந்தை தன் கையால் எடுத்து ஊட்டிவிடும். கேக் க்ரீமை முகத்தில் அப்புகிற பழக்கம் வேறு வந்து தொலைத்திருக்கிறது! என் கட்சி இதுதான்: எந்தக் குழந்தைக்கு எது ஆகாதோ, அது அன்றைக்கு அந்தப் பந்தியிலேயே வேண்டாம். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு.

‘ஒரு குழந்தைக்காக எல்லாரும் கேக் இல்லாம இருக்கணுமா டாக்டர்?’ என்பீர்கள். வேர்க்கடலை மட்டும்தான் ஆகாது என்றால் அதை மட்டும் விலக்கினால் போதும், மற்றதை ஏன் விட வேண்டும்? அதனால்தான் அழைக்கும்போதே போனில் பெற்றோரிடம் கேட்டுவிடச் சொல்கிறேன். எது ஆகாது, முன்பு சாப்பிட்டபோது என்ன ஆனது, கையில் என்ன மருந்து வைத்திருக்கிறீர்கள், கூட யார் வருகிறீர்கள்? ஐந்து நிமிஷப் பேச்சு.

பால், முட்டை, கோதுமை, கொட்டை வகை என்று நாலு குழந்தைகளுக்கு நாலு விதமாக இருந்தாலும் நம் சமையலில் வழி இருக்கிறது. இடியாப்பமும் வெல்லம் போட்ட தேங்காய்ப் பாலும், தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டை, கடலை போடாத எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பழங்கள். மெழுகுவர்த்தியைத் தர்பூசணி மேல் குத்தி வைத்து வெட்டினால் குழந்தைகள் வேண்டாம் என்றா சொல்லப் போகிறார்கள்? தேங்காய், உளுந்து ஆகாத குழந்தையும் எங்காவது இருக்கும். ஆகவே இந்தப் பட்டியலையும் பெற்றோரிடம் படித்துக் காட்டிவிடுங்கள்.

சமையலறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ‘முந்திரி போடலைங்க’ என்பார் சமையல்காரர். மேலே வறுத்துப் போட்டிருக்க மாட்டார், குருமாவில் அரைத்து விட்டிருப்பார்! ‘எக்லெஸ் கேக்’ என்றால் முட்டைதான் இல்லை. பெரும்பாலும் பால் இருக்கும். பால் ஒவ்வாமைக் குழந்தைக்கு அது ஆகாது. பசும்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். இரண்டின் புரதமும் ஒரே ஜாடை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். செக்குக் கடலை எண்ணெய் நல்லதென்று நானே பலருக்குச் சொல்கிறவன். ஆனால் அதில் கடலையின் புரதம் தங்கியிருக்கும், வேர்க்கடலை ஆகாத குழந்தைக்கு அதில் பொரித்தது கூடாது. முட்டை போண்டா போட்ட எண்ணெயில் பஜ்ஜி போடாதீர்கள். ஐஸ்க்ரீம் என்றால், பிஸ்தாவில் விட்ட கரண்டி வெனிலாவுக்குள் போகக் கூடாது.

பாக்கெட் தின்பண்டமா? 2020-ம் வருஷ லேபிள் விதிகளின்படி பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, மற்ற கொட்டைகள், சோயா, கோதுமை போன்றவை இருந்தால் தனியே அச்சிட வேண்டும். அந்தப் பட்டியலில் எள் இல்லை. எள் ஆகாத குழந்தைக்கு, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதை முழுசாகப் படித்துத்தான் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு உங்கள் குழந்தைக்கு நீங்களாகவே பத்துப் பொருளை நிறுத்திவிடாதீர்கள்! ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒரு பெயர் வந்துவிட்டதாலேயே அந்த உணவு ஆகாது என்று முடிவு கட்ட முடியாது. சாப்பிட்டபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் ஒவ்வாமை நிபுணர் சொல்வார். 2015-ல் வெளியான லண்டன் ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள பிள்ளைகளில், கைக்குழந்தையிலிருந்தே வேர்க்கடலை சேர்த்த உணவு தரப்பட்டவர்களுக்கு அந்த ஒவ்வாமை மிகக் குறைவாகவே வந்தது. சும்மா ஒதுக்குவதும் நல்லதல்ல. (கைக்குழந்தைக்கு முழுக் கடலை தரக் கூடாது, புரையேறிவிடும். அதுவும் வீட்டில் ஏற்கெனவே கரப்பான், முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் டாக்டரைக் கேட்டுத்தான்.)

இவ்வளவுக்குப் பிறகும் தவறுதலாக வாயில் போய்விட்டால்? சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, குரல் கம்முதல், இருமல், இழுப்பு, மயக்கம் தெரியலாம். மூச்சோ குரலோ மாறினால், குழந்தை துவண்டால், வெற்றிலை மிளகுக் கஷாயம், அறுகம்புல் சாறு என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், அந்த நேரத்துக்கு எங்களிடம் மருந்து கிடையாது. அரிப்பு மாத்திரையும் தொண்டை வீக்கத்தைக் காப்பாற்றாது. தொடையின் வெளிப்பக்கம் போடுகிற அட்ரினலின் ஊசிதான் மருந்து. பெற்றோர் கொண்டு வந்திருந்தால் உடனே போட வேண்டும். 108-க்குப் போன் செய்யுங்கள். குழந்தையை நடக்க விடாமல் காலை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். ஊசி போட்டதும் தெளிந்து, ‘அம்மா, விளையாடப் போறேன்’ என்று கேட்கும். விடாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம், அதுவரை ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும். ‘இன்னும் கேக் வெட்டலையே’ என்று யார் தடுத்தாலும் கிளம்பிவிடுங்கள்.