படத்தின் பின்புறம்



கண்டிக்கு வருகிறவர்களில் கமரா இல்லாதவர் இன்று யாருமில்லை. கையிலுள்ள தொலைபேசியே கமராவாகிவிட்டது. வாவிக்கரையிலும், பேராதனைப் பூங்காவின் பனை வரிசையிலும் நின்று ஒரு படமாவது எடுக்காமல் போகிறவர் அபூர்வம். ஹந்தானைப் பக்கம் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கண்டால் வேன் நிற்கிறது. இறங்குகிறார்கள், எடுக்கிறார்கள், ஏறிப் போய்விடுகிறார்கள். அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்டவர் எத்தனை பேர்? பெயர் கேட்டவர் எத்தனை பேர்?

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அந்தக் காலத்திலேயே ஜோசப் லோட்டன் என்ற ஆங்கிலேயர் இங்கே படம்பிடிக்கும் தொழில் நடத்தினார். அடுத்து 1870களில் சார்ல்ஸ் ஸ்கோவன் ஸ்டூடியோ வைத்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படம் பிடித்து, உடனே இருட்டறையில் கழுவ வேண்டிய காலம் அது. எதிரே இருப்பவர் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். இத்தனை பாடுபட்டு எடுத்த அக்காலத்து இலங்கைப் படங்கள் பலவற்றின் கீழே ‘தமிழ்ப் பெண்’, ‘சோனகர்’ என்று இனத்தின் பெயர் மட்டுமே எழுதியிருக்கிறது. ஆளின் பெயர் இல்லை.

ஜூலியா மார்கரட் கெமரன் என்ற அம்மையாரைப் பாருங்கள். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில்தான் கமராவைக் கையில் எடுத்து, உலகப் புகழ் பெற்றார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்குக் குடிவந்தார். மலைநாட்டில் 1879இல் காலமானார். அவரது கப்று பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது. களுத்துறையில் அவர் வீட்டுக்கு 1877இல் மரியான் நோர்த் என்ற ஓவியர் விருந்தாளியாக வந்தார். அவரையும் படம் பிடித்தார். அந்தப் பெயர் இன்றும் படத்தோடு நிற்கிறது. அதே காலத்தில் அவர் எடுத்த ஊர்மக்களின் படமொன்றுக்கு ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்பதே தலைப்பு. அவர்கள் யாருடைய உம்மா, யாருடைய மகள்? சொல்ல இன்று ஒருவருமில்லை.

வெள்ளைக்காரரைக் குறை சொல்வது எளிது. நமது அலுமாரியைத் திறந்து பார்ப்போம். கல்யாண அல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆண்களின் பெயரெல்லாம் வாப்பாவுக்குத் தெரியும். பெண்கள் பக்கத்துப் படத்தில் முக்காட்டோடு மூலையில் நிற்பவர் யார் என்று கேட்டால், “மாத்தளையிலிருந்து வந்த மாமி ஒருவர்” என்பதோடு பதில் முடிந்துவிடும். மூத்த தலைமுறைப் பெண்கள் பலருக்கு அடையாள அட்டைக்காக எடுத்த படமே வாழ்நாளின் ஒரே படம். அந்தச் சிறு படத்தைப் பேரப்பிள்ளை கையில் எடுக்கும்போது பெயர் சொல்ல ஆள் இருக்க வேண்டாமா?

பெரிய செலவில்லை. பழைய படத்தின் பின்னால், ஓரத்தில், மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். பேனாவால் அழுத்தினால் முன்புறம் தழும்பு விழும். வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காது. தனிக் கடதாசியில் எழுதிக் கூடவே வையுங்கள். பசைத்தாள் அல்பங்கள் படத்தைக் கெடுக்கும். நம் மலைநாட்டு ஈரத்துக்குப் பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்கும். ஆகவே காற்றோட்டமான, உலர்ந்த இடமே நல்லது. படத்தின் இரு பக்கத்தையும் தொலைபேசியில் பிடித்து, வேறூரில் இருக்கும் தங்கைக்கும் அனுப்பிவிடுங்கள். 2018 மார்ச்சில் திகனப் பக்கம் வீடுகளும் கடைகளும் எரிந்ததை நாம் மறக்கவில்லை. சுவரைத் திரும்பக் கட்டலாம். எரிந்த படத்துக்குப் பிரதி இருந்தால்தான் உண்டு.

படம் எடுப்பதே கூடாது என்று பேணி நடக்கும் வீடுகளும் உண்டு. அவர்கள் ஒரு கொப்பி எடுத்துக் குடும்பத்துப் பெண்களின் பெயர்களை வரிசையாக எழுதட்டும்: உம்மம்மா, அவருடைய உம்மா, அதற்கும் முந்தியவர். மூன்றாம் பெயரிலேயே நம்மில் பலருக்குப் பேனா நின்றுவிடும்.

வரும் விடுமுறையில் பிள்ளைகளோடு பயணம் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டத்துப் பெண்ணைப் படம் பிடிக்கப் பிள்ளை கமராவைத் தூக்கினால், “முதலில் சலாமோ வணக்கமோ சொல், பிறகு அனுமதி கேள், பெயரையும் கேள்” என்று சொல்லிக்கொடுங்கள். அவர் வேண்டாமென்றால் கமராவை இறக்கிவிட வேண்டும்.

போகுமுன் இன்னொரு வேலை இருக்கிறது. வீட்டிலுள்ள மூத்தவரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து அல்பத்தை மடியில் கொடுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அவருக்கு ஞாபகம் இருக்கும்போதே எழுதுங்கள்.