தேதி ஜாதியும் உபாத்தியாயர்களும்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள உபாத்தியாயத் தோழர்கள் சிலர், சர்க்கார் கொடுப்பதாகச் சொல்லியிருக்கும் ஓய்வூதிய ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளுவது சரியா, தப்பா என்று நம்மைக் கேட்கிறார்கள். நம்மைக் கேட்பானேன்? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கக் கூடாதா? என்றாலும் கேட்டுவிட்டபடியால் நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

முதலில் சங்கதி என்ன? 2003 ஏப்ரல் 1ந் தேதிக்கு முன் வேலைக்கு வந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். அன்று முதல் வந்தவருக்குச் சம்பளத்தில் 100க்கு 10 பிடித்துக்கொள்ளும் பங்களிப்புத் திட்டம். முடிவில் மாதம் இவ்வளவு கிடைக்கும் என்ற உறுதி அதில் கிடையாது. 2003 ஜூலையில் சர்க்கார் ஊழியரும் உபாத்தியாயரும் வேலைநிறுத்தம் செய்தபோது சுமார் 1,70,000 பேர் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆகஸ்டு 6ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சர்க்கார் ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய எந்த உரிமையும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று. நிபந்தனையில்லாத மன்னிப்பு எழுதிக் கொடுத்தே பலரும் வேலைக்குத் திரும்ப நேர்ந்தது. பறிபோனதைக் கேட்டதற்கு மன்னிப்பு!

2019 ஜனவரி 22ந் தேதி ஜாக்டோ-ஜியோ மறுபடியும் வேலைநிறுத்தம் செய்தது. 10,000 ரூபாய்த் தொகுப்பூதியத்துக்குத் தற்காலிக ஆசிரியரை வைக்க சர்க்கார் முற்பட்டது. 30ந் தேதி, கேட்டதில் ஒன்றும் கைக்கு வராமலே வேலைநிறுத்தம் முடிந்தது. பிறகு 2026 ஜனவரி 6ந் தேதி முதல் மீண்டும் வேலைநிறுத்தம் என்று சொல்லியிருந்த சமயத்தில், 3ந் தேதி சர்க்கார் ‘தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்’ என்று ஒன்றை அறிவித்தது. கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அகவிலைப்படி உயர்வும் உண்டு. ஓய்வு பெற்றவர் இறந்தால் அந்த ஓய்வூதியத்தில் 100க்கு 60 குடும்பத்துக்கு. ஆனால் சம்பளத்தில் 100க்கு 10 பிடிப்பது பிடித்தபடியே. தலைவர்கள் வரவேற்று வேலைநிறுத்தத்தைக் கைவிட்டார்கள். பழையதே வேண்டும் என்று மற்றொரு சாரார் சொல்லுகிறார்கள்.

நாம் கேட்பது என்னவென்றால், இதை ஒப்பந்தம் என்று எப்படிச் சொல்லுவது? ராஜபாளையம் பஞ்சாலைத் தொழிலாளியைக் கேளுங்கள். 1947ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம் இருந்தவரையில் 12(3) ஒப்பந்தம் என்றால் அவருக்குத் தெரியும். தொழிலாளர் அதிகாரி முன்னிலையில் இரு தரப்பாரும் கையெழுத்துப் போடுவார்கள். அது முதலாளியையும் கட்டும், ஆலையிலுள்ள அவ்வளவு தொழிலாளிகளையும் கட்டும். சர்க்கார் உத்தரவோ ஒரு தரப்பார் பேச்சு. 2003ல் உத்தரவு போட்டுத்தான் பழைய ஓய்வூதியத்தை நிறுத்தினார்கள். உத்தரவால் வந்தது உத்தரவால் போகவும் கூடும். நம்மூர்க் கோபுரம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் பெருமை பேசும் கோபுரம் சர்க்கார் முத்திரையில் இருப்பதனாலேயே, அந்த முத்திரை குத்திய காகிதமெல்லாம் மாறாத வேதமாகிவிடுமா?

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்னும் மாகாணத்தில் 2018 பிப்ரவரியில் 55 ஜில்லா உபாத்தியாயர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கவர்னர் 100க்கு 5 சம்பள உயர்வு தருவதாகச் சொன்னார். தலைவர்களும் பள்ளிக்குத் திரும்பலாம் என்றார்கள். உபாத்தியாயர்களோ, சட்டமாகட்டும், பிறகு திரும்புகிறோம் என்று நின்றார்கள். மார்ச்சு 6ந் தேதி சட்டமாயிற்று. உபாத்தியாயர்களுக்கு மட்டுமல்லாமல் மாகாண ஊழியர் எல்லோருக்கும் 100க்கு 5 கிடைத்தது. சிகாகோ நகரத்தில் 2012 செப்டம்பரில், தலைவர்கள் கொண்டுவந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டோம் என்று பிரதிநிதிகள் இரண்டு நாள் தள்ளிவைத்தார்கள். படித்த பின்பே வேலைக்குத் திரும்பினார்கள். பின்னர் அங்கத்தினர் ஓட்டில் 100க்கு 79 பேர் ஒப்புக்கொண்டார்கள். இதற்குப் பெயர்தான் பகுத்தறிவு. தலைவர் சொன்னார் என்று ஏற்பதும், தலைவர் சொன்னார் என்று மறுப்பதும், பெரியவர்கள் சொன்னார்கள் என்று திதி கொடுப்பதும் ஒன்றுதான்.

நிற்க. இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. பிறப்பினால் ஜாதி கூடாது என்று பேசுகிற நாட்டில், நியமனத் தேதியினால் ஜாதி உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். 2003 ஏப்ரலுக்கு முன் வந்தவர் முதல் ஜாதி. பின் வந்தவர் இரண்டாம் ஜாதி. இடைநிலை ஆசிரியரில் 2009 மே 31ந் தேதி வரை வந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய். மறுநாள் வந்தவருக்கு 5,200 ரூபாய்! இவர் மூன்றாம் ஜாதி. 2012ல் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், ஓவியமும் தையலும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுப்பவர்கள், நான்காம் ஜாதி. 2026 அறிவிப்பில் இவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. ஒரே பள்ளிக்கூடம், ஒரே கரும்பலகை; வேலை செய்கிறவனுக்கு மட்டும் நான்கு வர்ணம்!

மேல்படியில் இருப்பவர் தமக்குக் கிடைத்ததும் போதும் என்று எழுந்துபோனால், கீழ்ப்படியில் இருப்பவர் அடுத்த போராட்டத்துக்கு எதற்காக வருவார்? 10,000 ரூபாய்க்கு ஆள் கிடைக்கிறது என்று சர்க்கார் சொல்ல முடிவதே, கீழே ஒரு ஜாதி காத்திருப்பதனால்தானே?

உபாத்தியாயத் தோழர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019ல் கிராமத்துத் தாய் தந்தையரில் அநேகர் உங்கள் பக்கம் நிற்கவில்லை. கை நிறையச் சம்பளம் வாங்குகிறவருக்கு இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். தன் பிள்ளையைக் கட்டணப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அடுத்தவன் பிள்ளைக்குச் சர்க்கார் பள்ளியில் பாடம் சொல்லுகிறவர் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லுவார்? மேற்கு வர்ஜீனியாவில் பள்ளிச் சாப்பாட்டை நம்பியிருந்த பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று, வேலைநிறுத்தம் செய்த உபாத்தியாயர்களே பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். பெற்றோர் அவர்கள் கூடவே நின்றார்கள். சத்திரப்பட்டித் தறிக்காரர் பிள்ளைக்கும் கூலிக்காரர் பிள்ளைக்கும் சர்க்கார் பள்ளியை விட்டால் வேறு போக்கில்லை. பெற்றோரே, நீங்களும் யோசியுங்கள்: நாளைக்கு வேலை நிலைக்குமா என்று பயந்துகொண்டிருக்கிறவர் உங்கள் பிள்ளைக்குப் பயமின்மையைக் கற்றுக்கொடுப்பாரா?

ஆகவே நமது அபிப்பிராயம் இதுதான். உறுதியில்லாத திட்டத்தைவிடப் பாதிச் சம்பளம் உறுதி என்பது மேலானது. அதை வேண்டாம் என்று தள்ளுவது வீம்பு. ஆனால் கடன்காரன் பாதியைக் கொடுத்தால் பாதிக்குத்தான் ரசீது எழுத வேண்டுமே ஒழிய, முழுப் பற்றுச்சீட்டு எழுதிக்கொடுக்கலாகாது. சட்டசபையில் சட்டமாக்கும்படி கேளுங்கள். பிடிக்கிற 100க்கு 10க்குக் கணக்குக் கேளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் கூடிப் படித்துப் பார்த்து, பகுதிநேர ஆசிரியரையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவருக்கும் ஓட்டுக் கொடுத்து முடிவு செய்யுங்கள். கடைசிப் படியில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு செய்த முடிவு எதுவானாலும் அதில் சுயமரியாதை இருக்கும். அவரை விட்டுவிட்டுச் செய்தது எவ்வளவு லாபமானாலும் அது வெறும் பேரமேயாகும்.