முதலிற் கூட்டம், பின்னரே திட்டம்

கூடிப் பேசித் தீர்மானிக்கும் வழக்கம் நமது மக்களுக்குப் புதிதன்று. மேடையேறி நாம் அதனைப் போதிக்கத் தொடங்குவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே, குளத்தின் கீழ் நெல் விதைக்கும் கமக்காரர்கள் அதனைக் கையாண்டு வந்திருக்கிறார்கள். போகம் தொடங்குமுன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதைப் பொறியியலாளர் எடுத்துரைக்கிறார். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளில் நீரைத் திறப்பது, வாய்க்காலை எப்போது துப்புரவாக்குவது, கால்நடைகளை எந்த நாளுக்குள் வயலிலிருந்து அப்புறப்படுத்துவது என்பன அங்கே பேசித் தீர்க்கப்படுகின்றன.

இது வெறும் சம்பிரதாயமன்று. சட்டத்தின் வலிமை பெற்றது. வயலும் நீரும் பற்றிய பழைய வழக்கங்களைப் புதுப்பிக்கவென 1856ஆம் ஆண்டிலே ஆங்கில ஆட்சியே ஒரு கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ், முறைப்படி கூடிய கூட்டத்தில் பெரும்பான்மையோர் செய்யும் தீர்மானம், எதிர்த்து நின்றவரையும் கட்டுப்படுத்தும். அதனை மீறுபவர் நீதிமன்றத்துக்கு விடை சொல்ல வேண்டும்.

இம்முறையின் பலம் மூன்று. தீர்மானத்தின் நன்மை தீமைகளை அனுபவிக்கப் போகிறவர்களே கூடுகிறார்கள். உண்மையான கணக்கு எல்லோர் முன்னிலையிலும் வைக்கப்படுகிறது. பேச்சு முடிந்த பின்னரே தீர்மானம் பிறக்கிறது.

இவற்றைக் கைவிட்டால் நேர்வது யாது? இரணைமடுவே அதற்குச் சாட்சி. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் உவரும் நைத்திரேற்றும் மிகுந்து வருவதை எவரும் மறுக்க முடியாது. குடிநீர் கேட்பது நியாயம். இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டு செல்வதையும் உள்ளடக்கிய திட்டத்துக்கு 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் வழங்க உடன்பட்டது. சிறுபோகத்திலே தம் வயல்கள் முழுவதற்கும் நீர் காணாத கிளிநொச்சிக் கமக்காரர்கள் எதிர்த்தெழுந்தார்கள். அவர்கள் கேட்டதும் நியாயமே. இரண்டு நியாயங்கள் நேருக்கு நேர் அமர்ந்து பேசுவதற்குள் கடனும் வரைபடமும் முந்திக்கொண்டன. பின்னர் கூட்டங்கள் நடைபெறாமலில்லை. ஆனால் பிணக்கு முற்றிய பின் கூடுகின்ற கூட்டத்தில் அவரவர் நிலையை முழங்குவதைத் தவிர வேறென்ன நடக்கும்? “தாகத்துக்குத் தண்ணீர் தர மறுக்கிறார்கள்” என்று ஒரு புறமும், “எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள்” என்று மறுபுறமும் ஓரினத்தவரே ஒருவரையொருவர் ஏசிக்கொண்டதுதான் கண்ட பலன். ஈற்றில் வேறு வழி தேடப்பட்டது. கடல்நீரை நன்னீராக்கி நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் வழங்கும் நிலையம் தாளையடியில் திறக்கப்பட்டபோது 2024 ஓகஸ்ட் வந்துவிட்டது. பதினான்கு ஆண்டுகள்! முதலாண்டிலேயே இரு பகுதியாரும் குளத்தின் கணக்கை நடுவே வைத்துப் பேசியிருந்தால், இத்தனை காலமும் இத்தனை கசப்பும் வேண்டியிருந்திருக்குமா?

இந்தப் பாடத்தை நமது பிரதேச சபைகள் படிக்க வேண்டும். உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. 2025 மே 6ஆம் நாளிலேதான் மக்கள் மீண்டும் வாக்களிக்க முடிந்தது. இரண்டாண்டுகளுக்கு மேலாகத் தம் ஊரின் ஆட்சியில் வாக்கிழந்திருந்த மக்கள், அதனை மீளப் பெற்றதும் உறுப்பினருக்கு மாலை சூட்டிவிட்டு வீடு திரும்புவதோடு கடமை தீர்ந்துவிடுமா? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, உறுப்பினரல்லாத ஊரவரையும் சபையின் குழுக்களிற் சேர்த்துக்கொள்ள இடமளிக்கிறது. அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. நுழைவோர் எத்தனை பேர்?

நாம் கேட்பது பெரிதன்று. ஆண்டு வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வருமுன், வட்டாரந்தோறும் ஒரு கூட்டம் கூட்டப்பட வேண்டும். வரவும் செலவும் எல்லோரும் வாசிக்கத்தக்க தமிழில் முன்வைக்கப்பட வேண்டும். ஊரவர் கேட்டவற்றுள் ஏற்காதவற்றுக்குச் சபை எழுத்தில் காரணம் கூற வேண்டும். இவ்வாறு செய்யும்படி சட்டம் கட்டாயப்படுத்தவில்லையென்று தவிசாளர்கள் சொல்லலாம். சட்டம் தடுக்கவுமில்லை என்பதே நமது மறுமொழி.

பயிர்ச்செய்கைக் கூட்டம் குறையற்றதென்று நாம் புகழவில்லை. அங்கும் பெரிய காணிக்காரரின் குரலே ஓங்குகிறது. குத்தகைக்குச் செய்பவரும், வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவரும், பெண்களும் பின்வரிசையில் மௌனமாயிருக்கக் காண்கிறோம். இதற்கும் மருந்துண்டு. 1981இல் கல்லோயா இடதுகரையிலே, ஒரே வாய்க்காலில் நீர் பெறும் கமக்காரர்கள் சிறு குழுக்களாகக் கூடத் தொடங்கினார்கள். பெருமண்டபத்தில் வாய் திறவாதவர்கள் வாய்க்கால் வரம்பிலே பேசினார்கள். தாமே வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பாய்ச்சி, கடைசி வயலுக்கும் நீர் சேர்த்தார்கள். ஆகவே வட்டாரக் கூட்டத்துக்கு முன்னர் ஒழுங்கைதோறும் சிறு கூட்டம் நடக்கட்டும். கடைசி வீட்டுக்காரரின் குரல் அங்கிருந்தே எழும்பட்டும்.

படித்த வர்க்கத்தினருக்கு ஒரு வார்த்தை. கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து, தெருவின் குழியைக் கண்டு சபையை ஏசிவிட்டுக் கொழும்புக்கு வண்டியேறுவது பொதுப்பணியாகாது. பொறியியலாளர் மதிப்பீட்டைப் படித்துச் சொல்லட்டும். நியாயவாதிகள் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதிக் கொடுக்கட்டும். தீர்ப்பு வழங்க வேண்டாம். கணக்கை மக்கள் முன் வையுங்கள். அதன்பின் அமர்ந்து கேளுங்கள்.

கமக்காரப் பெருமக்களே, குளத்தடியில் நீங்கள் பயின்ற ஒழுங்கை ஊர் மண்டபத்துக்கும் கொண்டு வாருங்கள். மத்தியிலிருந்து அதிகாரம் இறங்கி வரவேண்டுமென்று கேட்கும் மக்கள், கையிலுள்ள சிறிய அதிகாரத்தைக் கூடிப் பேசி ஆளத் தெரிந்தவர்களாயிருக்க வேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டம் வருமுன் உங்கள் வட்டார உறுப்பினரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “எங்கள் கூட்டம் எந்த நாளில்?”