மழைநாளில் ஒரு கடற்கரைப் பந்தி

கரிசல் பூமியில் மழையைக் கண்டு முகம் சுளிப்போர் இலர். ஆவணி, புரட்டாசியில் உழுது விதைத்துவிட்டு வானத்தை நோக்கிக் காத்திருப்பவன் விளாத்திகுளத்து விவசாயி. ஐப்பசியும் கார்த்திகையும் கைகொடுத்தால் கம்பும் குதிரைவாலியும் உளுந்தும் பாசியும் மிளகாயும் வீடு வந்து சேரும். கைவிட்டால் அவ்வாண்டு கடனில் கழியும். ஆனால் அதே மழை, இங்கிருந்து சிறிது தொலைவிலேயே உள்ள கடற்கரையில் வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. அதனைக் குறித்தே இம்மாதம் வாசக அன்பர்களுடன் சிந்திக்க விழைகிறோம்.

ஓரிடத்தில் உடன் பணியாற்றுவோர் ஆண்டுக்கொரு முறை ஒன்றுகூடி உல்லாசப் பயணம் செல்லும் வழக்கம் இன்று எங்கும் பரவியுள்ளது. நல்ல வழக்கமே. ஆண்டு முழுவதும் வருகைப் பதிவேட்டையும் கோப்பையும் நடுவில் வைத்துப் பேசிய இருவர், அடுத்தடுத்த இலையில் அமர்ந்து உண்ணும்போதுதான் ஒருவரையொருவர் அறிகின்றனர். ஒருவருடைய தாயாரின் நோயும், மற்றவருடைய மகளின் திருமணக் கவலையும் அங்கேதான் வெளிப்படுகின்றன. ஆயினும் இத்தகைய பயணங்களில் நாம் காணத் தவறும் ஒன்று உண்டு. நமக்குப் பந்தி விரிக்கின்ற ஊரின் நிலைமையே அது.

சென்ற ஆண்டு அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பின், ஆசிரிய நண்பர்கள் பதினான்கு பேர் வேம்பாற்றுக்குச் சென்றோம். வேம்பாறு, விளாத்திகுளம் வட்டத்தைச் சேர்ந்த கடற்கரையூர். 1542ஆம் ஆண்டு புனித சவேரியார் வந்து பணியாற்றத் தொடங்கிய முத்துக்குளித்துறையின் ஏழு பெரிய கடற்றுறைகளுள் அதுவும் ஒன்று. வீடுகளில் கிறிஸ்து பிறப்புக் குடில்கள் இன்னும் கலைக்கப்படவில்லை. வைகறையில் தொடங்கிய மழை ஓயவில்லை. வள்ளங்கள் யாவும் மணலில் ஏற்றப்பட்டுக் கிடந்தன.

கருப்பட்டி இட்ட சுக்குக் காப்பி முதலில் வந்தது. மழைக் குளிரில் அதனைப் பருகிய சுகத்தைச் சொல்லி முடியாது. அதன் பின்னர் எங்களுள் இளையவர் ஒருவருக்குத் தீவு காணும் ஆசை பிறந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புளுவினிச்சல்லி ஆகிய மூன்றும் வேம்பாற்றுத் தொகுதியைச் சேர்ந்தவை. 1986ஆம் ஆண்டு முதல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுவதால் அங்கு எவரும் விரும்பியவாறு இறங்குதல் கூடாது. “இறங்க வேண்டாம், தொலைவிலிருந்து பார்த்துத் திரும்பினால் போதும்” என்று நண்பர் ஒரு முதிய மீனவரிடம் கேட்டார். இரண்டாயிரம் ரூபாய் தருவதாகவும் கூறினார். பெரியவர் நகைத்தார்.

“வாடை இறங்கிட்டு சார். நாலு நாளா நாங்களே போகலை. உங்க பணத்தை வாங்கிட்டு உங்க வீட்டாளுக்கு நான் யார் பேரைச் சொல்லி பதில் சொல்லட்டும்?”

நான்கு நாட்களாக வருவாய் இல்லாத ஒருவர் இரண்டாயிரம் ரூபாயை மறுத்த காட்சி அது. கடலோர மக்களின் இந்த எச்சரிக்கை துயரத்தில் கற்ற பாடம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி, இரயிலோடும் பயணிகளோடும் அழிந்தது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கடலுக்குச் சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர் பலர் திரும்பவேயில்லை. ஆகவே வானிலை நிலையத்தின் எச்சரிக்கை வந்துவிட்டால் வள்ளம் கரையேறுகிறது. அத்துடன் அடுப்பும் தணிகிறது.

நண்பகலில், முன்பே சொல்லி வைத்திருந்த வீட்டில் உணவு. சீலா மீன் குழம்பையும் நண்டையும் எண்ணிக்கொண்டு சென்ற எங்களிடம் அவ்வீட்டு அம்மையார், “மீனு இல்ல டீச்சர், கருவாடுதான். சாப்பிடுவீங்களா?” என்று தயங்கிக் கேட்டார். புழுங்கலரிசிச் சோறு, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் இட்ட கருவாட்டுக் குழம்பு, நெத்திலிக் கருவாட்டு வறுவல், தேங்காயுடன் இடித்த மாசிச் சம்பல், இறுதியில் மிளகு ரசம். நாங்கள் கொண்டு சென்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயை அவ்வீட்டுப் பிள்ளைகள் பகிர்ந்துகொண்டனர். அவித்த பனங்கிழங்கை அவர்கள் எங்களுக்குத் தந்தனர். பெரிய உணவகங்களில் உண்ட எந்த விருந்தும் அத்துணைச் சுவையாக இருந்ததாக நினைவில்லை.

பணம் கொடுக்கும் நேரத்தில், “கருவாட்டுச் சாப்பாட்டிற்கு மீன் சாப்பாட்டு விலையா?” என்று ஒருவர் மெல்லக் கேட்டார். எங்களுள் மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். கடற்கரையில் பிறந்து கரிசலில் வாழ்க்கைப்பட்டவர். அவர் கூறிய மறுமொழியை வாசகர்களுக்கு அப்படியே தர விரும்புகிறோம்.

“தம்பி, இலையில இருந்ததை ஒவ்வொன்னா எண்ணிப் பாருங்க. எல்லாம் வெயில் காலத்துல சேர்த்து வச்சது. மழை முடியுற வரைக்கும் அவங்க பிள்ளைகளுக்குன்னு வச்சிருந்ததைத்தான் நமக்குப் போட்டிருக்காங்க.”

எண்ணிப் பார்த்தோம். கருவாடும் மாசியும் மீன் மிகுந்த நாளில் வெயிலில் உலர்த்தப்பட்டவை. பதநீர் இறக்குவது பெரும்பாலும் மாசி முதல் ஆடி வரையே. அக்காலத்தில் காய்ச்சி, பரணில் ஏற்றிப் பாதுகாத்த கருப்பட்டியே காப்பியில் கரைந்தது. உப்பும் கோடையில் விளைந்தது. மழை நீர் தேங்கினால் உப்பளப் பாத்திகளில் வேலை நின்றுவிடும். கடல், பனை, உப்பளம் ஆகிய மூன்று வாசல்களும் மழைக்காலத்தில் ஒருங்கே அடைபடுகின்றன. உப்பளத் தொழிலாளருக்கு வேலையற்ற இம்மாதங்களுக்கென ரூ. 5,000 நிவாரணம் வழங்கும் திட்டம் 2022இல் தொடங்கப்பட்டது. மீனவர்க்கும் குறைந்த வருவாய்க் காலத்துக்கென உதவித்தொகை உண்டு. உதவி நன்றே, எனினும் ஒரு குடும்பத்தின் மூன்று மாதச் செலவை அது தாங்குமா என்பதை இல்லத்தலைவியர் அறிவர்.

இதில் நாம் வியக்கும் செய்தி ஒன்றுண்டு. கடலோரத்தின் வாசல்களை அடைக்கும் அதே மழைதான் கரிசலின் வாசலைத் திறக்கிறது. இங்கு விதை முளைக்கும் நாளில் அங்கு வலை காய்கிறது. அங்கு வள்ளம் நிறையும் கோடையில் இங்கு நிலம் பிளந்து கிடக்கிறது. இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். கருவாட்டுக் கூடை சுமந்து கரிசல் ஊர்களுக்கு நடந்து வந்த கடலோரப் பெண்கள், காசு இல்லாத வீட்டில் கம்பும் வற்றல் மிளகாயும் வாங்கிச் சென்றனர். ஒருவர் பஞ்சத்தை மற்றவர் பானை தாங்கியது. அளவு மீறினால் மழை இருவரையும் ஒருசேர அழிக்கும் என்பதையும் 2023 டிசம்பரில் கண்டோம். அவ்வேளையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டமெங்கும் வெள்ளம் சூழ்ந்தபோது, மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டு வந்து மக்களைக் கரைசேர்த்தனர்.

ஆகவே குடும்பத்தோடும் நண்பர்களோடும் கடற்கரைக்குச் செல்லும் வாசகர்களுக்குச் சில சொற்கள். மழைக்காலம் என்று பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நாம் செல்வதால் அங்கு ஓர் அடுப்பேனும் எரியும். அன்று அவ்வூரில் இருப்பதை மகிழ்ச்சியோடு உண்போம். இல்லாததைக் கேட்டு வற்புறுத்த வேண்டாம். மீனவர் கடல் சரியில்லை என்றால் மறுபேச்சின்றித் திரும்புவோம். பணத்தாசை காட்டி அவரைச் சோதித்தல் ஆகாது. துணிக்கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுக் கருவாட்டுக்காரியிடம் பத்து ரூபாய்க்கு வாதாடும் பழக்கத்தை விடுவோம். திரும்பும்போது கருப்பட்டியோ கருவாடோ ஒரு கிலோ வாங்கி வருவோம்.

உணவுக்கு முன் செபிக்கும் பழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அந்தச் சிறு செபத்தில், நம் இலைக்கு உணவு வந்த வழியையும், அவ்வழியில் அன்று வெறுங்கையோடு நிற்பவரையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவோமாக. வானம் இருண்டு மழை இறங்கும்போது, வயலை நினைத்து மகிழும் கரிசல் பிள்ளை கடலையும் நினைக்கக் கற்றுக்கொள்ளட்டும்.